முப்பதாயிரத்துக்குள் இன்ஜினியரிங் லேப்டாப்: பழசாக இருந்தாலும் பார்த்து வாங்குங்கள்

கையில் முப்பதாயிரம்தான் இருக்கிறது என்றால், அந்தக் காசுக்குக் கிடைக்கும், செலரான் என்ற வேகம் குறைந்த பிராசசர் போட்ட புது மெஷினைவிட, ஏதோ ஒரு கம்பெனி சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த லெனோவோ திங்க்பேடோ டெல் லாட்டிட்யூடோ எவ்வளவோ மேல். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் இவை குவிந்து கிடக்கும்.

முதலில் உங்கள் துறையைப் பாருங்கள். மெக்கானிக்கல் என்றால் விண்டோஸ்தான், 3டி டிசைன் சாஃப்ட்வேரான சாலிட்வொர்க்ஸ் அதற்காகவே எழுதப்பட்டது. வரைபடம் போடும் ஆட்டோகேடை மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தருகிறது, கடைக்காரர் கிராக் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸா? ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை, அதாவது திரையிலேயே ஓடும் போலி போனை, திறந்தால் 8 ஜிபி ரேம் திணறும், 16 வேண்டும்.

அடுத்து பிராசசர். இன்டெல் ஐ5 என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள், அதற்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். 7200 என்றால் 7ஆம் தலைமுறை, 8250 என்றால் 8, 1135 என்றால் 11. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெலில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். பழைய மெஷினில் கடைக்காரர்கள் அதைக் குறுக்கு வழியில் ஏற்றி வைத்திருப்பார்கள், கேட்டால் "எல்லாம் ஓடும் தம்பி" என்பார்கள்.

சரி, மெஷின் கைக்கு வந்துவிட்டது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி பக்கத்துக்குப் போங்கள். ரேம் போட எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே இருக்கும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது, அதைக் கழற்றி மாற்ற முடியாது.

பேட்டரியைக் கடைக்காரர் வாய்வார்த்தையில் விடாதீர்கள். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு (/), அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கை சேமிக்கப்படும். டிசைன் கெப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 30,000 என்று இருந்தால் பேட்டரியில் 60 சதவீதம்தான் மிச்சம். அதைக் காட்டி விலையைக் குறையுங்கள், இல்லையென்றால் பேட்டரியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, மெஷினை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் கடைக்காரரைப் போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் கேட்டு, அது கடைக்காரருக்கும் தெரியாது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எல்லாம் சரியென்றால், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும் வாரன்டி எத்தனை மாதம் என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.