செல் எல்லையைச் சரிபார்த்த பிறகே மாடல்

திசுத் துண்டில் எந்தச் செல் எங்கே இருக்கிறது, அதில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று ஒருசேரச் சொல்வது ஸ்பேஷியல் தரவு. அதைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த ஏஐ மாடலைப் போடலாம்?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, “செல் எல்லைகளைப் படத்தின் மேல் போட்டுப் பார்த்தீர்களா?” புற்றுக்கட்டித் திசுக்களின் தரவைப் பகுப்பாய்வதுதான் என் அன்றாட வேலை. அதில் பெரும்பங்கு நேரம் எல்லைகளுக்கே போகிறது. போகத்தான் வேண்டும். ஒரு மூலக்கூறு பக்கத்துச் செல்லின் கணக்கில் ஏறிவிட்டால், பின்னால் வரும் எந்த நியூரல் நெட்வொர்க்கும் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும்.

முதலில் உங்கள் தரவு எந்த வகை என்று பாருங்கள். திசுவைப் புள்ளி புள்ளியாக அளக்கும் வழக்கமான விசியம் முறை என்றால் ஒவ்வொரு புள்ளியும் 55 மைக்ரான் அகலம், ஒரு புள்ளியின் மையத்திலிருந்து அடுத்ததற்கு 100 மைக்ரான். ஒரு புள்ளிக்குள் பல செல்கள் அடங்கிவிடும். அங்கே எல்லை வரைய வழியில்லை. கலவையைப் பிரிக்கத்தான் வேண்டும். செல்2லொகேஷன் இதற்கு நல்ல கருவி. ஒற்றைச்செல் தரவிலிருந்து, அதாவது செல்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்த தரவிலிருந்து, ஒவ்வொரு செல்வகையின் மரபணுச் சாயலைக் கற்றுக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி எந்த வகை எவ்வளவு என்று பேய்சியன் என்ற நிகழ்தகவு முறையில் கணிக்கும். சராசரியாக ஒரு புள்ளியில் எத்தனை செல்கள் என்ற எண்ணை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கருவியின் பயிற்சிப் பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுக்காமல், உங்கள் திசுப்படத்தில் சில புள்ளிகளின் உட்கருக்களை எண்ணிக் கொடுங்கள். இன்னொன்று: ஒற்றைச்செல் தரவில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும். நீங்கள் மாடலுக்குக் கொடுக்கும் ஒற்றைச்செல் தரவில் அவை இல்லையென்றால், திசுவில் இருக்கும் நியூட்ரோஃபில்களின் சிக்னலை மாடல் வேறு ஏதாவது செல்வகையின் தலையில் கட்டிவிடும்.

ஜீனியம், மெர்ஃபிஷ் போன்ற பட முறைகளில் நிலைமை வேறு. ஒவ்வொரு ஆர்.என்.ஏ. மூலக்கூறுக்கும் தனியாக இடக்குறி வரும். அது எந்தச் செல்லுக்குச் சொந்தம் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். இங்கேதான் செல்போஸ் போன்ற டீப் லேர்னிங் கருவி வருகிறது. படத்தின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் செல்லின் நடுப்பகுதி எந்தத் திசையில் இருக்கிறது என்று அது கணிக்கிறது. ஒரே நடுவில் போய்ச் சேரும் பிக்சல்கள் எல்லாம் ஒரே செல். அதற்கு நீங்கள் தரும் செல் விட்டம் மைக்ரானில் அல்ல, பிக்சலில். ஜீனியம் படத்தில் ஒரு பிக்சல் 0.2125 மைக்ரான். அப்படியென்றால் 10 மைக்ரான் செல்லுக்கு விட்டம் ஏறக்குறைய 47 பிக்சல். அங்கே 10 என்று போட்டால் ஒரே செல் பல துண்டாகிவிடும்.

எல்லைகள் வந்ததும் திசுவில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: நிணச்செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம், கட்டியின் ஓரம், செல்கள் அருகிய நார்த்திசு. நாபாரி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் படத்தைத் திறந்து, எல்லைகளையும் மூலக்கூறுகளையும் மேலே போடுங்கள். ஒரே செல்லில் சேர்ந்து இருக்கக் கூடாத மரபணு ஜோடியைத் தேடுங்கள். நான் வழக்கமாக எடுப்பது எப்கேமும் சிடி3ஈயும். முதலாவது எபிதீலியச் செல்லுக்கு உரியது, இரண்டாவது டி செல்லுக்கு. இரண்டும் உள்ள செல்கள் கட்டியும் டி செல்களும் உரசும் கோட்டில் மட்டும் வரிசைகட்டி நின்றால், அப்புறம் உள்ளே பெரிதாக்கிப் பாருங்கள். எப்கேம் புள்ளிகள் செல் முழுக்கப் பரவியிருக்க, சிடி3ஈ புள்ளிகள் டி செல் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒதுங்கியிருந்தால், அது புதிய செல்வகை அல்ல, பக்கத்துச் செல்லின் மூலக்கூறுகள் இதன் கணக்கில் ஏறிய கசிவு. உட்கருவுக்குள் விழுந்த மூலக்கூறுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளியும். கசிவு என்றால் அந்த ஜோடி பெரும்பாலும் மறைந்துவிடும்.

கசிவு அதிகமென்றால் உட்கருவைச் சுற்றி எல்லையை விரிக்கும் தூரத்தைக் குறையுங்கள், அல்லது மூலக்கூறுகளின் பரவலை வைத்தே எல்லையைத் திருத்தும் பேய்சர், புரோசெக் கருவிகளை ஓட்டுங்கள். திசுத் துண்டுக்கும் 5 முதல் 10 மைக்ரான் தடிமன் உண்டு, செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கலாம். அதனால் முழுச் சுத்தம் கிடைக்காது. எவ்வளவு கசிகிறது என்று தெரிந்துவைத்திருப்பதே பெரிய பலம்.

செல்வகை பிரிப்பது ஒற்றைச்செல் தரவுக்கான ஸ்கேன்பை நிரலில் செய்யும் வழக்கமான வேலைதான். அளக்க எடுத்த மரபணுக்களின் பட்டியலான பேனலில் சில நூறு மட்டுமே இருந்தால், ‘200 மரபணுவுக்குக் குறைந்தால் நீக்கு’ என்ற பழைய வரம்பை மட்டும் கொண்டுவராதீர்கள். நல்ல செல்களே போய்விடும்.

அடுத்து கிராஃப், அதாவது எந்தச் செல்லுக்கு எது அண்டை என்று கோடு போட்டு இணைக்கும் வலை. ஸ்பேஷியல் தரவுக்கான ஸ்குவிட்பை நிரலில், செல்களை முக்கோணங்களாக இணைக்கும் டெலோனே முறையில் அண்டைச் செல்களை இணைத்தால், திசுவில் கிழிசல் இருக்கும் இடத்தில் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் சேர்த்து நீளமான கோடுகள் விழும். தூர வரம்பு வைத்து அவற்றை வெட்டுங்கள். இதுபோன்ற கிராஃபின் மேல்தான் ஸ்டேகேட், கிராஃப்எஸ்டி போன்ற மாடல்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு செல்லும் அண்டைச் செல்களின் தகவலையும் உள்வாங்கிக்கொள்வதால் திசு மண்டலங்கள் அழகாகப் பிரியும். ஆனால் கட்டிக்குள் தனியாக ஊடுருவிய டி செல் அதில் கரைந்துபோகும். எனக்கு அந்த ஒற்றை டி செல்தான் முக்கியம். அதனால் மண்டலத்துக்கு மட்டும் கிராஃப் மாடல், செல்வகைக்கு மூலத்தரவு என்று பிரித்து வைத்துக்கொள்கிறேன். அண்டைத் தகவலைக் கலந்துவிட்டு, ‘அண்டைச் செல்கள் ஒத்திருக்கின்றன’ என்று முடிவு எழுதவே கூடாது. அதை மாடலுக்குள் வைத்ததே நாம்தான்.

இரண்டு செல்வகைகள் அடிக்கடி சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை, செல்களின் வகைப்பெயர்களைத் திசு முழுக்கக் குலுக்கிப்போட்டு ஒப்பிடுகிறது. அப்படிச் செய்தால் ஒரே மண்டலத்தில் வாழும் எந்த இரண்டு வகையும் நண்பர்களாகத் தெரியும். மண்டலத்துக்குள்ளேயே குலுக்குங்கள். அதற்கப்புறமும் நிற்கும் உறவுதான் எழுதத் தகுந்தது.

நிக்கிஃபார்மர் போல 11 கோடிக்கும் மேற்பட்ட செல்களில் பயிற்றுவித்த பெரிய மாடல்களும் வந்துவிட்டன. தாராளமாகப் போட்டுப் பாருங்கள். ஆனால் பக்கத்திலேயே எளிய ஒன்றையும் ஓட்டுங்கள்: செல்லின் சொந்த மரபணு அளவு, அண்டைச் செல்களின் சராசரி, மேலே வகை பிரிக்கும் எளிய புள்ளியியல் முறையான ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன். இதைத் தாண்டாத மாடலை நான் வைத்துக்கொள்வதில்லை. ஒப்பிடும்போது தரவைச் செல்வாரியாகப் பிரிக்காமல் நோயாளிவாரியாகப் பிரியுங்கள். ஒரு செல் பயிற்சியிலும் அதன் பக்கத்துச் செல் தேர்விலும் இருந்தால் மதிப்பெண் வீங்கிவிடும். நான்கு நோயாளிகளிடமிருந்து பத்து லட்சம் செல்கள் வந்தாலும், நோயாளிகளை ஒப்பிடும் கேள்விக்கு உங்கள் மாதிரி எண்ணிக்கை 4தான். புள்ளியியல் சோதனையில் அந்த எண்ணையே போடுங்கள்.