முதல் ஆடியோ சிஸ்டமா? டிவியின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் அருகே ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று அச்சிட்டிருக்கிறதா? டிவியின் ஒலி ஸ்பீக்கருக்குத் திரும்பி வருவது அதன் வழியாகத்தான். ஸ்பீக்கர் கேபிளைப் பக்கத்துத் துளையில் செருகினால் டிவி ஓடும், ஸ்பீக்கர் பேசாது.

பாட்டுதான் முக்கியம் என்றால், அதே விலைக்குச் சவுண்ட்பாரைவிட (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர்), ஏஆர்சி உள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் மேல். ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே சுமார் 2 மீட்டர் விட்டு, உட்காரும்போது ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன வட்டம்) காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். ஒயரில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கே போகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பேஸ் (தாழ்ந்த, அதிரும் ஒலி) வற்றிப்போகும். ஸ்பீக்கர் பழுது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

எல்லாம் மாட்டியும் சத்தமே இல்லையா? பெரும்பாலும் டிவி டால்பி சிக்னலை (சுருக்கிய சினிமா ஒலி) அனுப்பும், ஆம்ப்ளிஃபயருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிசிஎம்’ (சுருக்காத சாதாரண ஒலி) ஆக்குங்கள். சிஇசியும் (எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி மற்றதை இயக்கும் வசதி) ஆனில் இருக்கட்டும்.

புளூடூத்தில் டிவியை இணைத்தால் உதடு அசைந்த பிறகு வசனம் வரலாம். பெட்டியில் ‘பிஎம்பிஓ’ (கணநேர உச்சம்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்) எவ்வளவு என்று கேளுங்கள்.