ஷூ மாற்றியும் போகாத கால்வலி: என் அனுபவம்

பெசன்ட் நகர் கடற்கரையோரம் ஞாயிறு தவிர தினமும் 5 கிலோமீட்டர் ஓடுவேன். ஏப்ரலில் 30 நிமிட ஓட்டம் திடீரென 36 நிமிடமானது. முழங்காலுக்குக் கீழே எலும்போரமாக வலி, தூக்கமும் கெட்டது.

முதலில் ஷூவைச் சந்தேகப்பட்டுப் புதுசு வாங்கினேன். 4,000 ரூபாய் போனதுதான் மிச்சம். வெயிலோ என்று ஆறரைக்குப் பதில் ஐந்துக்கே கிளம்பினேன். முட்டை கூட்டினேன். வேகம் குறைகிறதே என்று ஞாயிற்றுக்கிழமையும் ஓடினேன், முட்டாள்தனம்.

துப்பு கிடைத்தது நாடித்துடிப்பில். ஜனவரி டைரியில் கண் விழித்ததும் 58 என்று எழுதியிருந்தேன். இப்போது எண்ணினால் 69. காய்ச்சல் இல்லை, காபியும் குடிக்கவில்லை. முந்தைய நாள் களைப்பிலிருந்து உடம்பு மீளாதபோது இப்படி ஏறுவதுண்டு. ஒரு விஷயம், படுத்தபடியே முழு நிமிடம் எண்ண வேண்டும். எழுந்து உட்கார்ந்தாலே கணக்கு தப்பும்.

பத்து நாள் ஓட்டத்துக்கு முழுக்கு. சாயங்காலம் மெதுவான நடை, பத்து மணிக்குப் படுக்கை. ஏழாம் நாள் 61. எலும்பை அழுத்தினால் சுரீரென்ற இடமும் அடங்கியது. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். காலையில் 65-ஐத் தாண்டினால் ஷூவைத் தொடுவதில்லை. போன வாரம் 29 நிமிடம் 40 விநாடி.