ஃபிரஷர்களே, அந்த புராஜெக்ட்டை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடுங்கள்

மென்பொருள் வேலைக்கு வரும் ஃபிரஷர்களை இன்டர்வியூ செய்வது என் வேலையில் ஒரு பகுதி. எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை இந்தப் பிள்ளைகளும் செய்யும்போது மனசு கேட்பதில்லை. எழுத்துப்பிழை, தாமதமாக வருவது எல்லாம் பிளேஸ்மென்ட் செல்லிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

விலைக்கு வாங்கிய புராஜெக்ட்

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை ஏதோ ஒரு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, வைவாவை ஒப்பேற்றி, அதையே ரெஸ்யூமேயிலும் போட்டுவிடுகிறார்கள். ஒரே தலைப்போடு ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள்.

அதிகம் வருவது, இலையின் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் புராஜெக்ட். பெரும்பாலும் 'பிளான்ட் வில்லேஜ்' படத்தொகுப்பை வைத்துச் செய்திருப்பார்கள். 54,000-க்கும் மேற்பட்ட படங்கள், 14 பயிர்கள். தக்காளி, உருளை, ஆப்பிள், திராட்சை எல்லாம் உண்டு. நெல் இல்லை, வாழை இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு தம்பியிடம், "உங்க வயல் நெல்லைப் படம் எடுத்துக் கொடுத்தா என்ன சொல்லும்?" என்று கேட்டேன். "கரெக்டா சொல்லும் சார், 98 சதவீதம் அக்யூரசி" என்றார். அதில் நெல்லே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

2016-ல் இந்தப் படங்களை வைத்து வெளியான ஆய்வில், அதே தொகுப்பில் சோதித்தபோது துல்லியம் 99 சதவீதத்தைத் தாண்டியது. வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. தொகுப்பில் இருப்பவை இலையைப் பறித்து, வெறும் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வயலிலோ வெயில், நிழல், மண், பக்கத்து இலை எல்லாம் சேர்ந்து வரும். இதை மட்டும் அந்தத் தம்பி சொல்லியிருந்தால் அரை மணி நேரம் ஆசையாகப் பேசியிருப்பேன்.

இன்னொரு பெண், அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டுக்காக எழுதிய சின்ன புரோகிராமைக் காட்டினார். தெருவில் இரண்டு செல்வி இருந்ததால் ஒருவர் பாக்கி இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டதாம். பெயருக்குப் பதில் போன் நம்பரை வைத்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நம்பரைக் கொடுத்ததும் அதுவும் சொதப்பியது. கடைசியில் ஆளுக்கு ஒரு தனி எண். பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டுவது) எதற்கு என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கோட்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் அந்த கோட் சிறுகச் சிறுக மாறிய வரலாறும் இருந்தது. விலைக்கு வாங்கியது பெரும்பாலும் ஒரே நாளில் மொத்தமாக ஏற்றப்பட்டிருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, அந்த கோட் முழுவதையும் வரிவரியாகப் படியுங்கள். ஒரு பகுதியையாவது நீங்களே மாற்றி எழுதுங்கள். எங்கே தோற்கிறது என்று சோதித்துப் பாருங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

போலி அனுபவச் சான்றிதழ்

வேண்டாம். பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத, ஆளுக்கு ஒரு எண்) விவரத்தைப் பார்த்தாலே எங்கே, எப்போது வேலை செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

சீனியருக்கு மெசேஜ்

"அண்ணா, ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க" என்றால் அவர் என்ன செய்வார்? நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே வேலையைத் தேடி, ஜாப் ஐ.டி., ரெஸ்யூமே, அந்த வேலைக்கு ஏன் பொருந்துவீர்கள் என்று இரண்டு வரி, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் அப்படியே ரெஃபர் செய்துவிடலாம்.

டெபாசிட் கேட்கும் வேலை

பத்து பைசா கொடுக்காதீர்கள்.