ஸ்டெல்த் விமான மாடல்: மேடும் கோடும் எவ்வளவு இருக்க வேண்டும்?

ராடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் வகைப் போர் விமானங்களான எஃப்-22, எஃப்-35 இவற்றின் கிட்டை, அதாவது ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டியை, முதன்முதலாகத் திறப்பவர்களுக்கு அதிலுள்ள கோடுகளையும் மேடுகளையும் பார்த்ததும் சந்தோஷம் வரும். இவ்வளவு நுணுக்கமா என்று தோன்றும். ஆனால் இந்த வகை விமானங்களில் அவற்றைக் குறைப்பதுதான் பாதி வேலை. பாளையங்கோட்டையில் என்னோடு உட்கார்ந்து மாடல் செய்யும் பையன்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் கை தானாகச் சரியாக வேலை செய்யும். எஃப்-117 என்ற ஸ்டெல்த் விமானத்துக்கு முன்னோடியான ஹேவ் புளூ என்ற அமெரிக்கச் சோதனை விமானம் 1977 டிசம்பரில் முதலில் பறந்தது. அதன் சோதனைகளின்போது ஒருமுறை விமானம் ராடாரில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இறக்கித் தேடினால், மூன்று திருகாணிகள் முழுதாக முடுக்கப்படாமல் தலை தூக்கி நின்றன. தூக்கிய உயரம் எட்டில் ஒரு அங்குலத்துக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய 3 மிமீ. 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காகச் செய்யும் மாடலில், அது 0.04 மிமீ. இப்போது உங்கள் கிட்டைப் பாருங்கள். அதில் 0.1 மிமீ மேடு இருந்தால், நிஜத்தில் அது 7 மிமீக்கு மேல்.

எஃப்-35-இல் பேனல்களின், அதாவது உடலை மூடும் தகடுகளின், இணைப்புகளின் மேல் ராடார் அலையை உறிஞ்சும் பூச்சு பட்டை பட்டையாக ஓடும். அந்தப் பட்டைகள் நிறத்தாலும் பளபளப்பாலும் தெரிகிற அளவுக்கு உயரத்தால் தெரிவதில்லை. கிட் செய்கிறவர்கள் நிறத்தை அச்சில் வார்க்க முடியாது என்பதால் உயரமாக வார்த்துவிடுகிறார்கள். அந்த உயரத்தை நாம் மறுபடி நிறமாக மாற்ற வேண்டும்.

படி 1: படம் சேர்ப்பது

எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். எஃப்-35-இல் ஏ, பி, சி மூன்றும் வேறு வேறு. 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலிலிருந்து வந்த எஃப்-35பி ஒன்று திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கி, ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. நமக்கு மலை தாண்டினால் திருவனந்தபுரம். அப்போது வந்த படங்களை நம் பக்கத்தில் நிறையப் பேர் சேமித்து வைத்திருப்பீர்கள். நல்ல ஆதாரம்தான், ஆனால் இரண்டு எச்சரிக்கை. விமானி அறைக்குப் பின்னால் உள்ள பெரிய விசிறிக் கதவு 'பி'க்கு மட்டும் உரியது; ஏ கிட் செய்பவர்கள் முதுகுப் பகுதிக்கு அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்து, மழையில் நனைந்த விமானத்தின் நிறமும் பளபளப்பும் ஏமாற்றும். காய்ந்த நிலையில், மேகமூட்டமான பகலில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரஷ்ய ஸ்டெல்த் விமானமான சுகோய்-57 செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் ஆரம்பகாலச் சோதனை விமானங்களை நெருக்கத்தில் எடுத்த படங்களில் திருகாணித் தலைகள் நன்றாகவே தெரியும். அங்கே எல்லாவற்றையும் வழித்துவிட்டால் அதுவும் தப்பு.

படி 2: மேட்டைக் குறைப்பது

முதல் முயற்சிக்கு 1/72 போதும். எஃப்-35ஏ ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வரும். ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன அழிரப்பரைச் சுற்றி, தண்ணீர் தொட்டு, 1000-இல் தொடங்கி மெதுவாகத் தேயுங்கள். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் இன்னும் உயரம் இருக்கிறது. நகத்தில் படாமல், டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடிக்கும்போது மட்டும் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

படி 3: எந்தக் கோட்டை மூடுவது, எதை விடுவது

இதில்தான் நிதானம் வேண்டும். அசைகிற, திறக்கிற பாகங்களின் கோடுகள் நிஜத்திலும் இடைவெளிதான்: இறக்கையின் பின்விளிம்பு மடல்கள், வால் சுக்கான், சக்கரக் கதவு, ஆயுத அறைக் கதவு. இவற்றை அப்படியே விடுங்கள். மற்ற பேனல் கோடுகள் பூச்சுக்கு அடியில் போனவை. அவை ஆழமாக இருந்தால் கெட்டியான பிரைமரை (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) சின்னத் தூரிகையால் கோட்டுக்குள் மட்டும் விட்டு, ஒருநாள் காயவைத்து, 1500-ஆல் சமப்படுத்துங்கள். கோடு முற்றிலும் மறைய வேண்டாம். ஆழம் குறைந்தால் போதும்.

கதவு ஓரங்களில் ரம்பப் பல் மாதிரி வளைவு நெளிவு இருக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல. அந்தச் சாய்வுகள் பெரும்பாலும் இறக்கை, வால் ஓரங்களின் சாய்வோடு ஒத்துப்போகும். ராடார் அலை பல பக்கமும் சிதறாமல் குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும் போவதற்காக அப்படிச் செய்கிறார்கள். தேய்க்கும்போது அந்தப் பல்லின் முனை மழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவுகளை மூடி வைப்பதே என் விருப்பம். ஸ்டெல்த் விமானத்தின் உருவம் மூடியிருக்கும்போதுதான் முழுமை. பல கிட்களில் கதவு திறந்த நிலைக்காக வார்க்கப்பட்டிருக்கும். மூடினால் உள்ளே விழும். உள்ளிருந்து மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒட்டித் தாங்கு கொடுங்கள்.

படி 4: நிறம்

நம் ஊர் வானிலையைக் கணக்கில் எடுக்காமல் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) பிடிக்க முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். காலையில் சீக்கிரம் அடித்துவிடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தூசியைக் கொண்டுவரும். ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லாக்கர் வகைப் பெயின்ட் வெளுத்துப் போகும், மழை விட்ட நாளாகப் பாருங்கள். மற்ற விமானத்தில் ஒரு தூசி போனால் போகட்டும். இங்கே அது அந்த மூன்று திருகாணிக்குச் சமம்.

முதலில் பட்டைகளின் வெளிர் சாம்பலை அடியுங்கள். காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பை 1 மிமீ அகலத்தில் நறுக்கி, பட்டைகள் ஓடும் இடத்தில் ஒட்டுங்கள். அகலத்தைப் படத்தோடு ஒப்பிட்டுக் கூட்டிக் குறைக்கலாம். இதன் மேல் லேசான உலோக மினுமினுப்புள்ள அடர் சாம்பலை அடித்து, டேப்பை உரித்தெடுங்கள். டேப் ஓரத்தில் பெயின்ட் விளிம்பு நிற்கும்; 2000-ஆல் இரண்டு தடவை வருடினால் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் வேறுபாடு கண்ணில் அறையும். அதே அடர் சாம்பலை நிறைய தின்னர் விட்டு நீர்த்து, முழு விமானத்தின் மேலும் பனிபோல ஓட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையிலுள்ள படத்தைப் பொறுத்தது, ஏனென்றால் ஒரே வகை விமானத்திலும் சிலவற்றில் பட்டை பளிச்சென்றும் சிலவற்றில் மங்கியும் இருக்கும்.

பேனல் கோட்டுக்குள் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) விடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். "அண்ணே, கோடே தெரியலையே" என்று பையன்கள் கேட்பார்கள். தெரியக் கூடாது. அசையும் பாகங்களின் இடைவெளியில் மட்டும், அடிநிறத்தைவிட ஒரு படி அடர்ந்த சாம்பல் போதும்.

படி 5: டீக்கால், வார்னிஷ், கண்ணாடி

டீக்கால் என்பது எழுத்து, சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படலம்; அதன் விளிம்பும் ஒரு மேடுதான். அடியில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் அடித்து, படலத்தை எழுத்தை ஒட்டி வெட்டி, மென்மையாக்கும் திரவம் விட்டு ஒட்டுங்கள். கடைசியில் சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ். பளபளப்பே இல்லாத முழு மேட் அடித்தால் அந்த உலோக மினுமினுப்பு செத்துவிடும்.

எஃப்-22 என்றால் விமானி அறைக் கண்ணாடிக்குப் பொன்னிறச் சாயல் வேண்டும். ஒளி ஊடுருவும் மஞ்சளில் ஒரு துளி புகை நிறம் கலந்து, உள்பக்கமாக மெல்லிய இரண்டு பூச்சு. ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது.