விழுந்த பல்லைத் துடைக்காதீர்கள், பாலில் போடுங்கள்

பைக்கில் இருந்து விழுந்தோ, கிரிக்கெட் பந்து பட்டோ முன்பல் வேரோடு கழன்று விழுந்தால், ரத்தத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பல்லை யாரும் தேடுவதில்லை. பால்பல்லைக் கூரை மேல் வீசி வளர்ந்தவர்கள் நாம், விழுந்த பல் இனி உதவாது என்று மனம் தானாக முடிவு செய்துவிடுகிறது. நிரந்தரப் பல் விஷயத்தில் இதுதான் முதல் தவறு. அந்தப் பல்லை அதே குழியில் திரும்பப் பொருத்த முடியும். ஆறேழு வயதில் முளைத்த முன்பல்லுக்கும் இது பொருந்தும்.

அடுத்த தவறு அக்கறையில் வருவது. மண் ஒட்டியிருக்கிறதே என்று பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள், டெட்டாலில் கழுவுவார்கள், வேரில் தொங்கும் சதைத் துணுக்கைச் சுரண்டி எடுப்பார்கள். அந்தத் துணுக்குதான் பல்லின் உயிர். வேரைப் போர்த்தியிருக்கும் அந்த மெல்லிய சவ்வின் உயிரணுக்கள் பிழைத்தால்தான் பல் எலும்போடு சரியாக ஒட்டும். அதனால் வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசினால் போதும். இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில நொடிகள், அவ்வளவுதான்.

அப்புறம், முடிந்தால் அங்கேயே குழிக்குள் வைத்துவிடுங்கள். பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்புறம் எது என்று தெரிந்துகொண்டு, மெதுவாக அழுத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைவிட நல்ல முதலுதவி கிடையாது. பால்பல்லை மட்டும் ஒருபோதும் திரும்பச் செருகக் கூடாது. உள்ளே வளரும் நிரந்தரப் பல்லின் முளை கெட்டுவிடும்.

வைக்கத் தைரியம் வரவில்லையா? பரவாயில்லை. ஆனால் டிஷ்யூவில் மடித்துச் சட்டைப்பையில் போடாதீர்கள். காய்ந்த வேரின் உயிரணுக்கள் அரை மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் அநேகமாக எல்லாமே போய்விடும். டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுவதும் நல்லதல்ல, உப்பில்லாத நீரை உறிஞ்சி உயிரணுக்கள் வெடித்துவிடும். சர்க்கரை போடாத, ஆறிய பால் போதும், பாக்கெட் பாலே போதும். தெருமுனை டீக்கடையில் காய்ச்சாத பால் கேட்டால் கொடுப்பார்கள். பாலே கிடைக்காவிட்டால் அடிபட்டவரையே ஒரு டம்ளரில் எச்சிலைத் துப்பச் சொல்லி அதில் போடுங்கள்.

மயக்கமோ வாந்தியோ தலையில் அடியோ இருந்தால் பல்லை விடுங்கள், முதலில் ஆஸ்பத்திரி. மற்றபடி, வலி குறைந்துவிட்டது, காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பல் டாக்டர் அதைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சுமார் இரண்டு வாரம் கட்டி வைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல்லுக்கு அதற்குள் ரூட் கெனாலும் தொடங்க வேண்டியிருக்கும். பல் எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது, எதில் வைத்திருந்தீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள், டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டாலும் பல்லைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள்: நெடுநாள் நிலைக்காது என்றாலும், சில வருடங்களாவது இடத்தையும் எலும்பையும் அது காத்துக் கொடுக்கக்கூடும்.