கடை ஷாப்பிஃபைக்குப் போகிறது, டொமைனை என்ன செய்வது?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு வெப்சைட் வேலை செய்து கொடுக்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "புதுக் கடை ரெடியாயிடுச்சு தம்பி, பழைய டொமைனை இதுக்கு மாத்திக் குடுத்துடு." அவர் கேட்பது சின்ன விஷயம்தான். கடையின் வெப்சைட் பெயரை (அதுதான் டொமைன்) டைப் செய்தால் பழைய வேர்ட்பிரஸ் சைட் வரக்கூடாது, ஆன்லைன் கடை நடத்தும் தளமான ஷாப்பிஃபையில் போட்ட புதுக் கடை திறக்க வேண்டும். ஆனால் இதையே "டொமைன் டிரான்ஸ்ஃபர்" என்று கூகுளில் போட்டுத் தேடினால், தேவையே இல்லாத ஒரு பெரிய வேலையில் போய் நிற்பீர்கள்.

போன் நம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு போர்ட் செய்வது ஒன்று, நம்பர் இருக்கும் இடத்திலேயே இருக்க, வரும் கால்களை மட்டும் வேறு போனுக்குத் திருப்பிவிடுவது இன்னொன்று. டொமைன் டிரான்ஸ்ஃபர் என்பது போர்ட். நமக்கு வேண்டியது பெரும்பாலும் திருப்பிவிடுவது மட்டும்தான், அதற்கு டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனைத் தேடி வருபவர்களை எங்கே அனுப்புவது என்று சொல்லும் பட்டியலில், இரண்டு வரியை மாற்றினால் போதும். அந்த இரண்டு வரியைத் தவிர மற்ற எதையும் தொடாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி, ஏன் என்று போகப் போகத் தெரியும்.

டொமைன் யார் கையில் இருக்கிறது?

வேலையை ஆரம்பிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்ம ஏரியா கடைகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். சில வருஷத்துக்கு முன் தெரிந்த பையன் ஒருவன் வெப்சைட் போட்டுக் கொடுத்திருப்பான், டொமைனைத் தன் மெயில் ஐடியில் தன் அக்கவுண்டிலேயே வாங்கியிருப்பான், வருஷா வருஷம் ரினியூவலுக்கு ஜிபேயில் காசு அனுப்பியிருப்பீர்கள், இப்போது அவன் சோழிங்கநல்லூரில் ஏதோ ஐடி கம்பெனியில் இருக்கிறான், போன் எடுப்பதில்லை. கடைப் போர்டு உங்களுடையது, டொமைன் பதிவுப்படி அவனுடையது.

டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐகேனின் லுக்கப் பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டால் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் (டொமைன் விற்கும் கம்பெனி) வாங்கியது, என்றைக்குக் காலாவதி, நேம்சர்வர் (டிஎன்எஸ்ஸை வைத்திருக்கும் சர்வர்) எது என்ற மூன்றும் தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அதனால் யார் பெயரில் இருக்கிறது என்பதை லாகின் செய்து பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஸ்டேட்டஸ் இடத்தில் "கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிடெட்" என்று இருந்தால் பயப்படாதீர்கள். யாரும் திருட்டுத்தனமாக டொமைனைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கப் போட்ட பூட்டு அது, நல்லதுதான், நாம் செய்யப்போகும் வேலைக்கு அது தடையும் இல்லை.

டொமைன் அந்தப் பையன் அக்கவுண்டில் இருந்தால், சண்டை போடாமல், அதே ரிஜிஸ்ட்ராரில் உங்கள் பெயரில் ஒரு அக்கவுண்ட் திறந்து, அதற்குள் டொமைனைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான ரிஜிஸ்ட்ரார்களிடம் இதற்கு வசதி இருக்கிறது, சில நிமிட வேலை. அவன் நேரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்துவிடுங்கள், டொமைனை இழப்பதைவிட அது மலிவு.

காலாவதிக்கு ஒரு மாதத்துக்குள் நாள் இருந்தால் முதலில் ரினியூ செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். டாட் காம் காலாவதியானதும் உடனே போய்விடாது, சலுகை நாட்கள் 45 வரை கிடைக்கலாம், ஆனால் சைட் அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் திரும்ப வாங்கப் பெரிய தொகை கேட்பார்கள். அதற்கும் பிறகு 5 நாளில் அழிந்து, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடும்.

டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

டொமைன் வாங்கிய இடமும் டிஎன்எஸ் இருக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. லுக்கப்பில் பார்த்தீர்களே, நேம்சர்வர், அதுதான் விடை. ரிஜிஸ்ட்ரார் பெயர் இருந்தால் ரிஜிஸ்ட்ரார் பக்கத்தில் மாற்ற வேண்டும், டிஎன்எஸ் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் பெயர் இருந்தால் அங்கே, பழைய சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனி பெயர் இருந்தால் அவர்களுடைய சிபேனல் என்ற கன்ட்ரோல் பக்கத்தில். தப்பான இடத்தில் மாற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருந்து "ஒண்ணும் நடக்கலையே" என்று கேட்பவர்கள் நிறைய.

சரியான இடம் தெரிந்ததும் அங்கே இருக்கும் எல்லா ரெக்கார்டுகளையும் (டிஎன்எஸ்ஸின் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு) ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒன்றுவிடாமல். திரையில் ஸ்க்ரோல் செய்தால் கீழே இன்னும் இருக்கும், அதையும்.

இப்போது மெயில் விஷயம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் கடைப் பெயரிலேயே மெயில் ஐடி இருக்கிறதா? சப்ளையர், ஆடிட்டர், பேங்க் எல்லோரிடமும் அதைத்தான் கொடுத்திருக்கிறீர்களா? அந்த மெயில் எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ ஜோஹோவிலோ மெயில் இருந்தால் பிரச்சினை இல்லை, எம்எக்ஸ்ஸைத் தொடாமல் விட்டால் போதும். ஆனால் பழைய ஹோஸ்டிங்கோடு இலவசமாக வந்த மெயில் என்றால், அந்த ஹோஸ்டிங்கை நிறுத்தும் நாளில் மெயிலும் நின்றுவிடும், உள்ளே இருக்கும் பழைய மெயில்களும் சேர்ந்து போய்விடும். ஷாப்பிஃபை மெயில்பாக்ஸ் தருவதில்லை. ஆகவே கடையை மாற்றும் முன்பே மெயிலை வேறு இடத்துக்குக் குடியேற்றிவிடுங்கள். அப்படிப்பட்ட கேஸ்களில் எம்எக்ஸ்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு: அது சில சமயம் டொமைன் பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் டொமைனை ஷாப்பிஃபை பக்கம் திருப்பிய அடுத்த நிமிடம் மெயிலும் ஷாப்பிஃபை கதவைப் போய்த் தட்டும், அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எம்எக்ஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

முந்தின நாள்

மாற்றப்போகும் ரெக்கார்டுகளில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், விநாடிக் கணக்கு. 14400 என்றால் நான்கு மணி நேரம். அதாவது நீங்கள் மாற்றிய பிறகும் நான்கு மணி நேரம் வரை சிலருக்குப் பழைய சைட்டே தெரியும். அதை 300 ஆகக் குறைத்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். சில இடங்களில் அவ்வளவு குறைக்க விடமாட்டார்கள், விடும் வரை குறைத்தால் போதும்.

நாள் தேர்வும் முக்கியம். ஆடித் தள்ளுபடி, ரம்ஜான், தீபாவளிக்கு முந்தின வாரங்களில் இதைத் தொடவே வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். ஞாயிறு வியாபாரம் முடிந்து ஷட்டர் இறக்கிய பிறகு உட்காருங்கள், ஏதாவது இடறினால் திங்கள் காலை சப்போர்ட்டில் ஆள் கிடைப்பார்கள்.

மாற்றுவது

ஷாப்பிஃபை அட்மினில் செட்டிங்ஸ், அதில் டொமைன்ஸ், அதில் ஏற்கெனவே இருக்கும் டொமைனை இணைக்கும் பட்டன். பெயரைக் கொடுத்தால் என்ன ரெக்கார்டு போட வேண்டும் என்று அதுவே காட்டும். சில ரிஜிஸ்ட்ரார்களுக்கு லாகின் செய்தால் தானாகவே மாற்றிவிடுகிறேன் என்றும் கேட்கும். நான் கையால் மாற்றுவதையே விரும்புகிறேன், எது மாறியது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டிஎன்எஸ் பக்கத்தில் @ குறி போட்ட ஏ ரெக்கார்டில் (சர்வரின் எண் முகவரியைச் சொல்வது) பழைய எண்ணை எடுத்துவிட்டு 23.227.38.65 போடுங்கள். @ என்றால் முன்னால் எதுவும் இல்லாத வெறும் டொமைன். அடுத்து, மூன்று டபிள்யூ பெயருக்கான சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்புவது), அது ஷாப்ஸ் டாட் மைஷாப்பிஃபை டாட் காம் என்பதைக் காட்ட வேண்டும். கையால் டைப் செய்யாமல் ஷாப்பிஃபை திரையில் இருப்பதைக் காப்பி செய்து ஒட்டுங்கள். அதே மூன்று டபிள்யூ பெயரில் வேறு ரெக்கார்டு இருந்தால் சிநேம் ஏற்காது, பழையதை அழித்துவிட்டுப் போடுங்கள். @ குறிக்கு இரண்டு ஏ ரெக்கார்டு இருந்தாலும் தொல்லை, சிலருக்குப் பழைய சைட், சிலருக்குப் புதுசு என்று மாறி மாறி வரும்.

அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று: நாலு ஏ (AAAA) ரெக்கார்டு. ஐபிவி6 என்ற புதுவகை எண் முகவரிக்கானது. பழைய ஹோஸ்டிங்கின் நாலு ஏ அப்படியே கிடந்தால், கடை வைஃபையில் புது சைட் அழகாகத் திறக்கும், ஜியோ சிம் போட்ட போனில் பழைய சைட் வரும், ஏனென்றால் ஜியோ பெரும்பாலும் ஐபிவி6 வழியாகத்தான் போகிறது. நம் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் ஜியோ என்று சொல்ல வேண்டியதில்லை. ஷாப்பிஃபை காட்டும் நாலு ஏ மதிப்பைப் போடுங்கள், இல்லை பழையதை அழித்துவிடுங்கள்.

கிளவுட்ஃபிளேர் வைத்திருந்தால் இந்த ரெக்கார்டுகளுக்குப் பக்கத்தில் உள்ள ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறமாக்குங்கள். நேம்சர்வரை மாற்ற வேண்டாம், அதை மாற்றினால் மெயில் உட்பட எல்லாம் புது இடத்தில் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

காத்திருக்கும் நேரம்

சேமித்ததும் ஷாப்பிஃபையில் சரிபார்க்கும் பட்டனை அழுத்துங்கள். பூட்டுப் படம் வரவைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாக வந்துவிடும், 48 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறார்கள், பொதுவாக அதற்கு முன்பே வரும். அதுவரை சிலருக்கு "பாதுகாப்பில்லை" என்று எச்சரிக்கை தெரியும், ராத்திரியில் செய்யச் சொன்னது இதற்காகவும்தான். இரண்டு நாள் தாண்டியும் வரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸில் சிஏஏ என்று ஒரு ரெக்கார்டு (யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்வது) வழிமறித்துக்கொண்டு நிற்கிறதா பாருங்கள்.

உங்கள் பிரவுசரை நம்பாதீர்கள், அது பழைய சைட்டை ஞாபகம் வைத்திருக்கும். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள், காசிமேட்டில் இருக்கும் மாமாவை, பெரம்பூரில் இருக்கும் தங்கையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கடைக்குப் பாஸ்வேர்டு போட்டு மூடி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வருபவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். கடைசியாக, டொமைன்ஸ் பக்கத்தில் இதைப் பிரைமரி டொமைனாக வையுங்கள்.

உடனே ஜிமெயிலிலிருந்து கடை மெயிலுக்கு ஒன்று அனுப்பி, வருகிறதா, பதில் போகிறதா என்று பாருங்கள். ஆர்டர் மெயில்கள் உங்கள் கடை முகவரியிலிருந்து போக ஷாப்பிஃபை இன்னும் சில சிநேம் ரெக்கார்டுகள் கேட்கும், அவற்றையும் சேருங்கள். எஸ்பிஎஃப் ரெக்கார்டு (உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) மட்டும் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டாவது போட்டால் இரண்டுமே செல்லாது.

பழைய லிங்க்குகள்

வேர்ட்பிரஸ்ஸில் கடை நடத்தப் பயன்படும் வூகாமர்ஸில் பொருளின் முகவரி "ப்ராடக்ட்" என்ற ஒருமையில் ஆரம்பிக்கும், ஷாப்பிஃபையில் "ப்ராடக்ட்ஸ்" என்று பன்மையில். ஒரு எழுத்து வித்தியாசம்தான், ஆனால் கூகுளில் வந்த எல்லாப் பழைய லிங்க்கும் செத்துவிடும். பழைய சைட்டின் சைட்மேப்பிலிருந்து (எல்லாப் பக்கங்களின் பட்டியல்) முகவரிகளை எடுத்து எக்செல்லில் பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று எழுதி, ஷாப்பிஃபையின் யூஆர்எல் ரீடைரக்ட்ஸ் பகுதியில் சிஎஸ்வியாக ஏற்றுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் நன்றாக விற்பவற்றை முதலில். கேரி பேக்கிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த க்யூஆர் கோடு எங்கே போகிறது என்று ஸ்கேன் செய்து பாருங்கள், கோடவுனில் மூட்டை மூட்டையாகப் பை கிடக்கும்போது புதிதாக அச்சடிக்க யாருக்கும் மனசு வராது. பிறகு கூகுளின் சர்ச் கன்சோலில் புது சைட்மேப்பைக் கொடுங்கள்.

பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது வைத்திருங்கள். டிஎன்எஸ் அங்கேதான் இருக்கிறது என்றால், அதை வேறு இடத்துக்கு நகர்த்தும் வரை நிறுத்தவே கூடாது.

நிஜமாகவே டிரான்ஸ்ஃபர்தான் வேண்டும் என்றால்

ரிஜிஸ்ட்ராரைப் பிடிக்கவில்லை, ரினியூவல் விலை ஏறிவிட்டது என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். பூட்டைத் திறந்து, ஆத் கோடு (டிரான்ஸ்ஃபருக்கான ரகசியக் கோடு) வாங்கி, புது ரிஜிஸ்ட்ராரிடம் கொடுத்தால் டாட் காமுக்கு அதிகபட்சம் 5 நாள் அளவில் முடியும், ஒரு வருஷ ரினியூவலும் அதில் சேர்ந்துவிடும். வாங்கி 60 நாள் ஆகாத டொமைனையும், போன 60 நாளுக்குள் ஒரு முறை டிரான்ஸ்ஃபர் ஆனதையும் பொதுவாக மாற்ற முடியாது. உரிமையாளர் பெயரை மாற்றினாலும் இதே பூட்டு விழலாம், ஆகவே அந்தப் பையனிடமிருந்து உங்கள் பெயருக்கு வாங்கியவுடன் இதை ஆரம்பிக்காதீர்கள். டாட் இன் டொமைன்கள் அவற்றை நிர்வகிக்கும் நிக்சி என்ற இந்திய அமைப்பின் கீழ் வருகின்றன, அவற்றுக்கு விதிகள் தனி, போகும் இடத்தில் டாட் இன்னை எடுப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டொமைனை ஷாப்பிஃபைக்கே கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நாளைக்கு வேறு பிளாட்ஃபாரம் போக நினைத்தால், டொமைன் தனியாக இருந்தால் இதே இரண்டு வரியை மறுபடி மாற்றினால் முடிந்தது. ஆத் கோடு கைக்கு வந்தால் அதை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இதை என்ன பண்ணனும்" என்று கேட்காதீர்கள், பூட்டுத் திறந்த டொமைனுக்கு அந்தக் கோடு ஒன்று இருந்தாலே போதும், யார் வேண்டுமானாலும் டிரான்ஸ்ஃபரை ஆரம்பித்துவிடலாம்.